வீட்டுக்கணக்கில் ஏறாத புகை



குடும்பத்தின் வரவு செலவைப் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு நிகழ்த்தப்பெற வேண்டும் என்னும் விருப்பத்தோடு இவ்வறக்கட்டளையை நிறுவிய பெருந்தகையார், பால்கணக்கும் மளிகைக்கணக்கும் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் எழுதப்பெற்ற ஒரு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் யோக்கியதை முழுவதும் விளங்கிவிடும் என்று உலகம் நம்பிவந்த காலத்தைச் சேர்ந்தவர். அந்தக் கணக்கு இன்றும் எழுதத்தக்கதே. சிக்கனம் எக்காலத்துக்கும் உரிய தர்மம். ஆயினும், அந்த நோட்டுப் புத்தகத்தின் எந்தப் பத்தியிலும் ஏறாமல், ஒவ்வொரு குடும்பமும் நாள்தோறும் ஆகாயத்தில் வளர்த்துவரும் கடன் ஒன்று உண்டு. நாம் எரிப்பனவும், நமக்காகப் பிறர் எரிப்பனவும் கரியமில வாயுவாக வெளியேறி, அதில் கணிசமான பகுதி நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. வளர்ந்துவரும் ஒரு மாநகரத்தில் வாழும் குடும்பம் ஓராண்டில் எவ்வளவு வாயுவை வெளிவிடுகிறது, அதில் எவ்வளவு அதன் விருப்பத்தால் நேர்வது, எவ்வளவு அதன் விருப்பத்தைக் கேளாமலே நகரத்தின் அமைப்பு அதன் தலையில் சுமத்துவது என்னும் விசாரணையே இன்றைய என் பேச்சின் பொருள். அதற்குரிய நகரமாகச் சென்னையை எடுத்துக்கொள்கிறேன்.

1871ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் ஏறக்குறைய 4 லட்சம் மக்களைக் கொண்டிருந்த இந்நகரம், 2011ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஒரேயடியாக விரிந்தபோது, அவ்வெல்லைக்குள் 67 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். வளர்ச்சியின் வேகத்தைக் கண்டு வியப்பவர்கள் பலர். அவ்வளர்ச்சி எதை எரித்து நடைபெறுகிறது என்று கேட்டவர்கள் சிலரே. அவ்வாறு கேட்டவர்களுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டி.வி. ராமச்சந்திராவும் அவருடைய குழுவினரும் முக்கியமானவர்கள். இந்தியாவின் ஏழு பெருநகரங்களைக் குறித்து அவர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, தலைக்கு ஓராண்டில் கரியமில வாயுவுக்குச் சமமான 4.79 டன் என்னும் அளவோடு முதலிடத்தில் நின்றது சென்னை. டில்லியும் அன்று, பம்பாயும் அன்று, நம்முடைய நகரம். அதைவிடவும் நம் சிந்தனைக்குரியது, அந்தச் சென்னைக் கணக்கின் உட்பிரிவு: தொழிற்சாலைகளின் பங்கு நூற்றுக்கு 20, போக்குவரத்தின் பங்கு நூற்றுக்கு 20க்குச் சற்றே குறைவு, குடும்பங்களின் பங்கோ நூற்றுக்கு 39. புகை என்றவுடன் ஆலைப் புகைபோக்கியையும் லாரியையும் நினைத்துக்கொள்ளும் பழக்கமுடைய நாம், முதற் பெருங்காரணம் நம்முடைய வாசற்படிக்கு உள்ளே இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வாயு பூமியின் உஷ்ணத்தை உயர்த்தும் என்பது நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு வெப்பமடையும் என்பதை 1896ஆம் ஆண்டிலேயே காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு முதல் அவ்வாயுவை அளந்துவருகிறார்கள். அன்று காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இவ்வளவே இவ்விடத்தில் போதும். விஞ்ஞானத்தின் பெருவாயிலை விட்டு நம்முடைய சமையலறைக்குள் நுழைவோம்.

நம் பாட்டிமார் விறகையும் வறட்டியையும் ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள். அடுத்து வந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். அதற்கு அடுத்து வந்தது காஸ். ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் இவ்வாயுவை வீட்டுக்கு வீடு கொடுத்தது பூமியின் உஷ்ணத்துக்குத் துணைபோன செயல் என்று சில நண்பர்கள் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களோடு நான் உடன்படேன். விறகுப் புகையை வாழ்நாளெல்லாம் சுவாசித்த பெண்களின் நுரையீரலுக்கு நேரும் கேட்டினைப் போரூர் ஸ்ரீ இராமச்சந்திர மருத்துவக் கல்வி நிறுவனத்தார் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். அரைகுறையாக எரியும் விறகிலிருந்து எழும் கரித்துகளும் வெப்பத்தை ஈர்ப்பதே. பெண்ணின் மூச்சை விலையாகக் கொடுத்து ஆகாயத்தைக் காக்கவேண்டும் என்னும் வாதம் நியாயமுடையதாகாது. மேலும், அந்த அடுப்பின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், குறை கூறுவோரின் விரல் தவறான திசையில் நீண்டிருப்பது விளங்கும். ஒரு வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு உண்டு. எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எடை பெருகுவதால், ஒரு சிலிண்டர் தீர்ந்தபோது சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியேறியிருக்கும். நால்வர் அடங்கிய ஒரு குடும்பம் ஆண்டுக்கு எட்டுச் சிலிண்டர் வாங்குவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 340 கிலோ.

அதே குடும்பம் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறது என்றும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கணக்கில் 500 யூனிட் காட்டுகிறது என்றும் கொள்வோம். அவ்வளவு யூனிட் இன்று அசாதாரணமானதன்று. ஆண்டுக்கு 3,000 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு என்னும் கணக்கில், 2,100 கிலோ. கம்பியில் வழியிலே இழக்கப்படும் மின்சாரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். கண்ணெதிரே நீலச் சுவாலையாக எரிந்து, அணைக்க மறந்தால் நம்மைப் பதறவைக்கும் அடுப்பைப் போல் ஆறு மடங்கு வாயுவை, சுவாலையும் புகையும் இல்லாத, சுவரில் ஒரு பொத்தானாக மட்டுமே நாம் அறிந்த ஒரு பொருள் வெளிவிடுகிறது! கண்ணுக்குத் தெரிவதை மாத்திரம் கணக்கில் எழுதும் பழக்கத்தால் வரும் பிழை இதுவே.

அந்தப் புகை எங்கே போயிற்று? வீட்டுக்குள்ளிருந்த அடுப்பை நாம் எடுத்துக்கொண்டுபோய் நகரின் வடகோடியிலுள்ள எண்ணூரில் வைத்துவிட்டோம். பேசின் பிரிட்ஜ் அருகே நகரின் பழைய மின்நிலையம் நிலக்கரியை எரித்த காலத்தில், அதன் சாம்பல் நகரத்தாரின் கூரைமேலேயே விழுந்தது. 1970ஆம் ஆண்டில் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது; 1990களில் அத்திப்பட்டுப் புதுநகரையொட்டி வடசென்னை அனல்மின் நிலையம்; அதன் பின்னர் வல்லூர். ஒரிஸ்ஸாவின் தால்சேர்ச் சுரங்கங்களில் வெட்டப்பெற்ற நிலக்கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி, பெரும்பாலும் இதற்கெனவே 2001ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல் உண்டு. வேளச்சேரிக் குடும்பத்தின் 500 யூனிட்டையும் நிலக்கரியைக் கொண்டே உற்பத்தி செய்வதாயின், அதற்கு ஏறக்குறைய 350 கிலோ நிலக்கரி தேவை. எஞ்சும் சாம்பல் 100 கிலோவுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நூறு கிலோ சாம்பலை அந்தக் குடும்பத்தின் கூடத்தில் கொட்டுவார்களாயின் அது பொறுத்துக்கொள்ளுமா? அது கொட்டப்படுவது செப்பாக்கம் கிராமத்தை அடுத்த சாம்பல் குளத்தில். குழாய்கள் வெடித்தும் கசிந்தும் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில். இறாலும் மடவையும் பிடித்துக் காலங்காலமாக வாழ்ந்த காட்டுக்குப்பத்து மீனவர்கள், வலையை நீரில் இறக்கினால் சாம்பற்சேற்றோடு ஏற்றவேண்டியிருக்கிறது. அடையாற்றின் குளிர்ந்த அறையும் எண்ணூரின் சாம்பல் படிந்த முற்றமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை உணராதவரைக்கும், குடும்ப நுகர்வைப் பற்றிய நம்முடைய பேச்சுக்களெல்லாம் பாதிப் பேச்சாகவே நின்றுவிடும்.

குளிர்ந்த அறை என்று சொன்னேன். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும். இரவு எட்டு மணி நேரமாக, மாசி பிற்பகுதிக்கும் ஆவணிக்கும் இடையே 150 இரவுகள் ஓடினால் 1,200 யூனிட்; அதாவது 840 கிலோ கரியமில வாயு. படுக்கையறை இரண்டாயின் இயந்திரமும் இரண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரிய ஒளியால் பெறும் மின்சாரம் கமுதி முதலிய இடங்களிலிருந்து பகலில் தாராளமாக வருகிறது. முப்பந்தலின் காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில், ஆடிக் காற்றில், வேகமாகச் சுழல்கின்றன. ஆனால் சென்னைக் குடும்பங்கள் ஏ.சி.யை முடுக்குவதோ சூரியன் மறைந்த பின்னர், சித்திரை வைகாசியின் புழுக்கமான இரவுகளில். அந்த நேரத்துக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் நிலக்கரியே. ஆகையால் நள்ளிரவில் செலவாகும் யூனிட்டும் நண்பகலில் செலவாகும் யூனிட்டும் மீட்டரில் ஒன்றாகத் தோன்றினும், ஆகாயத்தின் கணக்கில் ஒன்றாகமாட்டா.

ஏ.சி. வாங்கியவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கோடையில் உறங்கமுடியாத குழந்தைக்கும், இதய நோயுள்ள முதியவருக்கும் அது சௌகரியம் என்னும் நிலையைக் கடந்து அத்தியாவசியமாகிவிட்டது. நான் கேட்பது வேறு: அவ்வீடு அந்த இயந்திரமின்றி வாழமுடியாததாக ஏன் கட்டப்பட்டது? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில், தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் இருந்தது, அதன்மேல் தட்டோடு, கீழே முற்றம், தெருவோரம் திண்ணை, பிற்பகலில் எழும் கடற்காற்று வாசல் வழியே நுழைந்து கொல்லை வழியே வெளியேற ஒரு நேர்வழி. இவற்றையெல்லாம் இழந்து, நான்கங்குல அல்லது ஐந்தங்குலக் கான்கிரீட் தளத்தின் கீழே குடிபுகுந்தோம். பகல் முழுதும் வெயிலை உண்ட அத்தளம் அதனை இரவு இரண்டு மணி வரைக்கும் அறைக்குள் உமிழ்ந்துகொண்டிருக்கும் என்பதை மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் தேகத்தால் அறிவார்கள். அடுத்த கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதால் சன்னலைத் திறந்தாலும் காற்றில்லை; திறந்தால் அடுத்த வீட்டு ஏ.சி.யின் வெப்பமே உள்ளே வரும். இயந்திரம் உஷ்ணத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. தன் மின்சாரத்தின் உஷ்ணத்தையும் கூட்டியே தள்ளுகிறது. வாங்க வசதியுள்ளவர் தம் அறையிலிருந்து எடுத்துத் தெருவில் விட்ட வெப்பம், வசதியில்லாதவரின் தகரக் கூரையின்மேல் போய் நிற்கிறது.

அக்கட்டடத்தின் பொருளும் கணக்கில் சேரவேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சிமெண்டு செய்யும்போது, எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லுக்குள்ளேயே அடைபட்டிருந்த கரியமில வாயுவும் விடுபடுகிறது. வெளியேறுவதில் பாதிக்கு மேற்பட்டது அக்கல்லினுடையதே. ஆகையால், சூளைக்கு எவ்வளவு நல்ல எரிபொருளைத் தேடிக்கொடுத்தாலும் சிமெண்டின் பாவம் முற்றும் தீர்வதில்லை. இருபத்தைந்தே ஆண்டு நின்ற அடுக்குமாடியை இடித்துப் புதிது கட்டும் வழக்கம் இந்நகரில் பெருகிவருவதை, ரியல் எஸ்டேட் வியாபாரத்தின் நிகழ்ச்சியாக மாத்திரம் கருதாமல், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுப் புகையை ஒரே நாளில் எழுதிவிடும் நிகழ்ச்சியாகவும் கருதவேண்டும்.

ஏ.சி. விஷயத்தில் பெரும்பாலோர் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடை தொடங்கியதும் மெக்கானிக் வந்து, "காஸ் போயிடுச்சு, நிரப்பணும்" என்கிறார். நாம் பணம் கொடுத்து நிரப்பிக்கொள்கிறோம். போன காஸ் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22 என்னும் வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தை ஒரு நூற்றாண்டில் உண்டாக்கும். வேளச்சேரிக் குடும்பம் ஓராண்டு முழுதும் செலவிட்ட மின்சாரத்துக்கு இது ஏறக்குறைய ஈடு. புதிய இயந்திரங்களில் வரும் ஆர்-32 அதில் பாதிக்கும் குறைந்த தீமையுடையது என்றாலும், அதுவும் 675 மடங்கு. ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த உடன்பாடு, நம் தெருவில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வரும் மெக்கானிக்கின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் கருவி அவருக்கு வேண்டும். அதைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கூலி வேண்டும். இவ்விரண்டையும் தருவது அரசும் உற்பத்தியாளரும் செய்யவேண்டிய காரியம்.

தண்ணீரில் புகை உண்டு என்றால் நம்புவது கடினம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நீர்நிலைகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே இறங்கும் இயல்பைக் கொண்டு அமைந்தவை. நகரத்துக்குள்ளும் ஏரிகள் நிறைய இருந்தன. தியாகராய நகர் எழுந்த இடம், 1920களில் வற்றச்செய்து மனைகளாக்கப்பெற்ற நீண்ட ஏரியின் படுகை. வேளச்சேரி ஏரி தன் பழைய உருவத்தின் ஒரு துண்டாகச் சுருங்கிவிட்டது. ஏரியை மனையாக்கிய நகரம் நீருக்குக் கடலிடம் போயிற்று. மீஞ்சூர் அருகே 2010ஆம் ஆண்டிலும், நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலைகள் திறக்கப்பெற்றன. நெம்மேலியில் மேலும் 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை 2024ஆம் ஆண்டில் வந்தது. 2019ஆம் ஆண்டு வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் ஏற்றிக்கொண்டுவந்த நகரத்துக்கு இவை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் தைரியம் வராது; எனக்கும் இல்லை. ஆயினும் கடல்நீரை உப்பு நீக்கி ஆயிரம் லிட்டர் குடிநீராகத் தருவதற்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் அரசாங்க அளவின்படி, நால்வர் குடும்பம் தன் நீர் முழுவதையும் கடலிலிருந்தே பெறுவதாயின், அதற்காக மாத்திரம் ஆண்டுக்குச் சுமார் 690 யூனிட், அதாவது 480 கிலோ வாயு. அடுப்பெரிக்கும் காஸைவிட அதிகம்! அந்தக் குடும்பம் குழாயைத் திறந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

போக்குவரத்தைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஸ்கூட்டரில் தனியே செல்பவர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 50 கிராமும், காரில் தனியே செல்பவர் 150 கிராமும் வெளிவிட, நிறைந்த பேருந்தில் நிற்கும் பிரயாணியின் பங்கு 15 கிராமைத் தாண்டுவதில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக 1895ஆம் ஆண்டில் மின்சார டிராம் ஓடிய நகரம் இது. 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்ட நகரம் இது. 1953ஆம் ஆண்டில் டிராமை நிறுத்திவிட்டோம். ஆனால் இத்துறையில் என் மனத்தை மிகவும் வருத்துவது வேறு. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைப் பெயர்த்து, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தோம். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர்ப் பிரயாணத்தை ஒரே நாளில் நியமித்தது யார்? அவளா? 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது அவளுடைய பணச் சுமையைக் குறைத்தது. அது மிக நல்ல காரியம். தூரம் மாத்திரம் குறையவில்லை.

உண்ணும் சோற்றிலும் கணக்கு உண்டு. தேங்கிய நீரில் நிற்கும் நெல்வயலின் சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் இருபத்தெட்டு மடங்கு வெப்பமூட்டுவது. இதற்குச் சோற்றை விடவேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விடும் முறையைத் தஞ்சை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அதனால் மீத்தேனும் குறையும், நீரும் மிஞ்சும். அந்தச் சோற்றின் மிச்சத்தைக் குப்பையில் போடுவதே பெருந்தவறு. நகரத்தில் நாள்தோறும் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் பொருளே; அது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவிந்து, காற்றுப் புகாத அடியில் அழுகி, வயலில் எழும் அதே வாயுவை எழுப்பிற்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் பெருங்குடி பல நாள் எரிந்தது. அதே ஆண்டில்தான், அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் என்னும் சர்வதேச மதிப்பும் கிடைத்தது.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்து, இக்கடனுக்குப் பொறுப்பாளி யார் என்று இப்பொழுது கேட்கலாம். தனிமனிதன் தன் கரிமத் தடத்தைத் தானே கணக்கிட்டுப் பார்த்து வருந்தும்படி, இருபது ஆண்டுகளுக்கு முன் மிகுந்த பொருட்செலவில் விளம்பரம் செய்தது பி.பி. என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி. எண்ணெய் விற்பவர் வாங்குபவரின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பியதில் இருந்த சூட்சுமத்தைப் பலரும் பின்னர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதற்காகக் குடும்பம் கணக்குப் பார்க்கவே வேண்டாம் என்று முடிவு செய்வதும் பொருந்தாது. என் அபிப்பிராயம் இது: தேர்ந்தெடுக்கும் சக்தி எவரிடம் இருக்கிறதோ அவரிடமே பொறுப்பும் இருக்கிறது. இந்தியரின் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. உலகச் சராசரி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்கரின் சராசரி ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆனால் அந்த 2 டன் என்பது, ஒற்றை மின்விசிறியுள்ள வியாசர்பாடிக் குடிசையையும் அண்ணா நகரின் நான்கு ஏ.சி. வீட்டையும் ஒன்றாகக் கலந்து வகுத்த எண். மகனையும் பேரக்குழந்தையையும் பார்க்க ஆண்டுதோறும் அமெரிக்கா சென்று திரும்பும் ஒருவர், அந்த ஒரு பிரயாணத்திலேயே ஒன்றரை முதல் இரண்டரை டன் வரைக்கும் செலவிட்டுவிடுகிறார். பிரிந்த பிள்ளையைக் காணும் தாயின் ஆவலை நான் கணக்கிட வரவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு, மற்ற இடங்களில் குறைத்துக்கொள்ளும் வசதியும் கல்வியும் உண்டு என்பதைச் சொல்லாதிருக்க முடியாது.

ஆகையால் வசதியுள்ளவர்களிடம் நான் கேட்பவை சில. வீடு வாங்கும்போது, சலவைக்கல்லையும் நீச்சற்குளத்தையும் பார்ப்பதற்கு முன்னால், மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா, படுக்கையறையில் எதிரெதிர்ச் சன்னல் உண்டா, அலுவலகத்துக்கு ரயிலோ பேருந்தோ உண்டா என்று கேட்கவேண்டும். இந்த ஒருநாள் தீர்மானம் முப்பதாண்டு மின்கட்டணத்தை நிர்ணயிப்பது. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவும் சூரிய மின்தகடு வைக்கவும் அடுக்குமாடிச் சங்கத்தில் எழும் ஆட்சேபங்களைப் பொறுமையோடு தீர்த்துவைக்கவேண்டும். ஏ.சி.யை 24 பாகைக்குக் கீழே இறக்காதிருக்கவேண்டும். உயர்த்தும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தார் சொல்லும் கணக்கு.

அரசாங்கத்திடம் கேட்பவை இவற்றினும் கனமானவை. 2016ஆம் ஆண்டில், இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசமாக்கப்பட்டது. ஏழைக்கு அது உயிர். அதில் ஒரு யூனிட்டையும் குறைத்தல் ஆகாது. இரண்டு மாதத்தில் 1,500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கும் அதே நூறு யூனிட்டை இலவசமாகக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? அப்பணத்தைக் கொண்டு தகரக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு அமைத்துக் கொடுக்கலாமே! சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஒரு கட்டடத்துக்கு அனுமதி வழங்கும்போது, கார் நிறுத்த எவ்வளவு இடம் என்று அங்குலக் கணக்காகப் பார்ப்பதுபோல், தளத்தின் வழியே எவ்வளவு வெப்பம் இறங்கும் என்பதையும் பார்க்கவேண்டும். 2050ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வை இல்லாமற் செய்வதாக மாநகராட்சி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட செயல்திட்டம், கட்டட அனுமதியும் ஏரிப் பாதுகாப்பும் அதன்வழி நடந்தாலன்றி நடைமுறைக்கு வராது.

இறுதியாக ஒன்று. புதிய அனல்மின் நிலையமோ அதன் விரிவாக்கமோ வரும்போது, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுவாக அவ்விடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படவேண்டும். எண்ணூரில் நடந்த இத்தகைய கூட்டங்களில், சாம்பலைச் சுமக்கும் மீனவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் சில இளைஞர்களுமே எழுந்து பேசிவந்திருக்கிறார்கள். அந்த மின்சாரத்தை எரிக்கப்போகும் வேளச்சேரியும் அடையாறும் அண்ணா நகரும் அங்கே வருவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு, இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் நாம் செல்லவேண்டும். நம் வீட்டு மின்கணக்கை எடுத்துக்கொண்டு சென்று, எவ்வளவு குறைத்துக்கொள்ள முடியும் என்று நம் பெயரைச் சொல்லி அதிகாரிகளிடம் எழுத்தில் பதிவு செய்யவேண்டும். நகரத்திலிருந்து அத்திப்பட்டு அதிக தூரமில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி அங்கே நிற்கிறது.